பையன்களிடம் தோற்ற செட்டுகள்

கியாரா இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, "முன்சி! முன்சி!" என்று கத்தினாள். இரண்டு பெண்கள் முன்சிக்கு ஓடினார்கள். ஒருத்தி எவன்ஸ்வில்லுக்கு ஓடினாள். ஹோலிஸ் எங்கேயும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்தவள் போல விழித்தாள். கியாரா எறிந்த பந்து ஆளில்லாத மூலைக்குப் போய், கோட்டைத் தாண்டி, பாப்கார்ன் விற்கும் மேசையின் காலில் மோதி நின்றது.

கூட்டம் என்று சொல்லிக்கொள்ளும்படி வந்திருந்த சிலரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

முன்சியும் எவன்ஸ்வில்லும் எங்கள் இண்டியானா மாநிலத்தின் ஊர்கள். எங்கள் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ரோண்டா ட்ரெட்டர் தன் செட்டுகளுக்கெல்லாம் ஊர்ப் பெயர்தான் வைப்பார். பந்து கையில் இருக்கும்போது ஐந்து பேரும் யார் எங்கே ஓடுவது, யார் யாருக்குக் குறுக்கே நின்று வழி மறைப்பது, பந்து யாரிடம் போவது என்று முன்கூட்டியே வகுத்து வைத்திருப்பதைத்தான் செட் என்போம். நல்ல அணியிடம் ஐந்தாறு செட்டுகள் இருக்கும். ஜனவரி பாதியில் எங்களிடம் எத்தனை இருந்தன என்று கேட்டால் எனக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. நான் துணைப் பயிற்சியாளர்.

அன்றும் தோற்றோம். உடை மாற்றும் அறையில் கோச் ட்ரெட்டர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கோபமாக இருந்தால் எனக்குப் புரியும். அவர் முகத்தில் இருந்தது கோபமல்ல. சாவியை எங்கே வைத்தோம் என்று வீடெல்லாம் தேடுகிறவரின் முகம் அது.

"ஹோலிஸ், முன்சில நீ எங்கம்மா போகணும்?"

"மூலைக்கு, கோச்."

"அப்புறம் ஏன் போகலை?"

"போன வாரம் மூலைக்குப் போகணும். இந்த வாரம் மாத்திட்டோமோன்னு..." ஹோலிஸ் கியாராவைப் பார்த்தாள். "மாத்தலையா?"

"மாத்தலை," என்றாள் கியாரா. "மாத்தினது டெர்ரி ஹோட்டை." சற்று யோசித்தாள். "அப்படித்தான் நினைக்கிறேன்."

கோச் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாகன நிறுத்தத்தில் பனிக்காகத் தூவிய உப்பு அவற்றின் ஓரத்தில் வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது.

கார்வின் கல்லூரிப் பெண்கள் அணிக்கு அவர் வந்து பத்தொன்பது ஆண்டுகள். முதல் பத்தில் கோப்பைகள். அடுத்த சிலவற்றில் பரவாயில்லை. கடைசி மூன்றில், இதோ இது. எங்கள் வட்டாரத்தில் பத்துக் கல்லூரிகள். பருவ முடிவில் முதல் எட்டு இடங்களுக்குள் வருபவர்கள் மார்ச் போட்டிக்குப் போவார்கள். கிறிஸ்துமஸ் விருந்தில், கையில் குவளையுடன், விளையாட்டுத் துறை இயக்குநர் கிராண்ட் லூட்கே அவரிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ரோண்டா, மார்ச் போட்டிக்குள்ள எப்படியாவது போயிடுங்க. எட்டாவதா போனாலும் சரி. போகலைன்னா நாம ரெண்டு பேரும் உக்காந்து பேச வேண்டியிருக்கும்."

உட்கார்ந்து பேசுவது என்றால் எங்கள் தொழிலில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பேச்சு முடிந்ததும் ஒருவர் அட்டைப்பெட்டி தேடுவார்.

ஜனவரியில் நாங்கள் ஒன்பதாவது இடத்தில் இருந்தோம்.

*

பெண்கள் அணிகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்லூரியில் படிக்கும் பையன்களில் சிலரை, பள்ளியில் நன்றாக ஆடி, ஆண்கள் அணியில் இடம் கிடைக்காமல் போனவர்களை, பயிற்சிக்கு அழைத்துக்கொள்வார்கள். அடுத்து மோதப்போகும் அணியைப் போல அவர்கள் ஆடிக் காட்டுவார்கள். எங்கள் பெண்கள் அவர்களை எதிர்த்துப் பழகுவார்கள். பையன்களுக்கு உயரம், வேகம், தோள் வலு எல்லாம் அதிகம். அவர்களைச் சமாளித்துவிட்டால் சனிக்கிழமை வரும் பெண்களைச் சமாளிப்பது சுலபம் என்பது கணக்கு. அவர்களுக்குக் கிடைப்பது ஒரு ஜோடி காலணியும், ஒரு சட்டையும், பருவ முடிவில் பீட்சா விருந்தும்.

எங்கள் பையன்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் வெண்டல். விவசாயப் பொருளாதாரம் படித்தான். மூன்று ஆண்டுகளாக ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவன். சக பையன்களையும் அவனே திரட்டி வருவான். எல்லோரும் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள். பயிற்சிக்கு முன் விளையாட்டுக் கூடத்தின் ஓரத்தில் வட்டமாக உட்கார்ந்து யூக்கர் சீட்டாடுவார்கள். கோச் விசில் ஊதியதும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுவார்கள்.

அவர்கள் விளையாட்டாக ஆடிவிடக் கூடாதென்று கோச் வெகு காலத்துக்கு முன்பே ஒரு விதி வைத்திருந்தார். பயிற்சியில் எந்தப் பக்கம் தோற்கிறதோ அந்தப் பக்கம் ஓட வேண்டும். கோட்டுக்குக் கோடு, மூச்சு முட்ட. பையன்களும்தான்.

இந்த விதிக்கு மேல் இன்னொரு விதி. அதைக் கோச் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பத்தொன்பது ஆண்டும் அதைக் கொண்டே முடிவெடுத்தார். புது செட் ஒன்றைக் கற்றுக்கொடுப்பார். ஒரு வாரம் பையன்களுக்கு எதிராக ஓட்டிப் பார்ப்பார். பந்து கூடைக்குள் விழுந்தால் செட் இருக்கும். விழாவிட்டால் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

திங்களன்று முன்சியை மறுபடி ஓட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஹோலிஸ் மூலைக்குப் போனால் அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றான். உள்ளே திரும்பினால் அங்கே வெண்டல் நின்றான். பந்து வெண்டலின் கையில் மூன்று முறை போய் உட்கார்ந்தது.

"வாங்க வாங்க, உக்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா?" என்றான் வெண்டல், பந்தை வாங்கிக்கொண்டே.

"வாயை மூட்றா," என்றாள் கியாரா.

"வாயை மூடிட்டுதான் ஆடுறேன். கை மட்டும்தான் பேசுது."

கோச் விசில் ஊதினார். "போதும். முன்சி செத்துப் போச்சு. நாளைக்கு உங்களுக்கு வின்சென்ஸ்னு ஒண்ணு சொல்லித் தரேன்."

பெண்கள் எல்லோரும் கோட்டுக்கு வந்து ஓடத் தயாரானார்கள். கியாரா என்னைக் கடந்து போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மார்னி கோச், நான் மாநிலத்தோட ஒரு ஓரத்துல இருக்கற கேரிங்கற ஊர்லேருந்து வந்தவ. இண்டியானா மேப்புல பாதி ஊரு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. இப்ப எல்லா ஊருலயும் தோத்துட்டேன்."

*

என்ன குறை என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அணியின் ஆதரவாளர்கள் சாலையோர உணவகம் ஒன்றில் கூடுவார்கள். பொரித்த பன்றியிறைச்சி ரொட்டியை விட இரண்டு மடங்கு அகலமாகத் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கோச்சும் நானும் போய் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அது எங்கள் வேலையில் ஒரு பகுதி. தீவனக் கடைக்காரர், எதிரணி பிழை செய்தால் கிடைக்கும் தண்டனை எறிதலில்தான் தோற்கிறோம் என்றார். முன்பு இதே கல்லூரியில் ஆடிய பல் மருத்துவர், இந்தக் காலத்துப் பெண்கள் தூங்குவதே இல்லை என்றார். பாதிரியார் ஒருவர், அவர்கள் ரொம்ப மரியாதையானவர்கள், எதிரியை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள், இடிப்பது சரி, மன்னிப்புதான் தவறு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாதிரியார் சிரிக்கவில்லை.

எல்லாம் சரியாகத்தான் தோன்றியது. அதுதான் சிக்கல். தண்டனை எறிதலைப் பயிற்சி செய்தோம், எண்ணிக்கை ஏறியது, தோற்றோம். தூக்கத்துக்கு நேரம் ஒதுக்கினோம், தோற்றோம். எதிரணிகளின் காணொளியை வெட்டி ஒட்டுவது என் வேலை. அவர்கள் எல்லோரும் எங்களைவிடச் சிறந்தவர்களாகத் தெரியவில்லை. எங்கள் ஹோலிஸ் தனியாக நின்று எறிந்தால் பத்தில் ஏழு உள்ளே போகும். கியாராவைப் போலப் பந்தைக் கொண்டுபோகிறவள் இந்த வட்டாரத்தில் இன்னொருத்தி இல்லை. ஐந்து பேரும் தனித்தனியே நல்லவர்கள். சேர்த்து வைத்தால் ரயில் நிலையத்தில் அறிவிப்பு புரியாமல் நிற்கும் ஐந்து பயணிகள்.

"எனக்கு வயசாயிடுச்சு போல மார்னி," என்றார் கோச், திரும்பும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே. "முன்னெல்லாம் எது வேலை செய்யும்னு எனக்குத் தெரியும். இப்ப நான் போடுற ஒண்ணும் அந்தப் பசங்ககிட்ட பலிக்க மாட்டேங்குது. பசங்ககிட்ட பலிக்காதது யார்கிட்ட பலிக்கும்?"

சாலையின் இருபுறமும் அறுத்த சோளக்காடு பனியில் கிடந்தது. "வின்சென்ஸ் நல்லா இருக்கும்," என்றேன். வின்சென்ஸில் யார் முதலில் நகர்கிறார்கள் என்பது எனக்கே அப்போது மறந்து போயிருந்தது.

*

பிப்ரவரியின் தொடக்கத்தில் வெண்டல் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. ஒருவன் விடாமல் படுத்துவிட்டார்கள். பயிற்சிக்கு ஆள் வேண்டும். விடுதிகளுக்கிடையே நடக்கும் போட்டியில் ஜெயித்த பையன்களைக் கேட்டேன். இவர்கள் வெண்டல் கூட்டத்தை விட உயரம். இரண்டு பேர் எம்பிக் குதித்தால் வளையத்தைப் பிடிப்பார்கள். எங்கள் பெண்கள் அவர்களைப் பார்த்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாயிருக்கு," என்றாள் கியாரா. "இன்னிக்கி ராத்திரி வரைக்கும் ஓட வேண்டியதுதான்."

அன்று வின்சென்ஸ் ஓட்ட வேண்டும். முதல் தடவை கியாரா பந்தோடு முன்னே வந்து, கையைத் தூக்கி, வாய் திறந்தபோது வந்த பெயர், "கோகோமோ!"

கோகோமோ நவம்பரிலேயே தூக்கி எறியப்பட்டது. பழக்கத்தில் வாய் தவறியிருக்க வேண்டும். நான் கோச்சைப் பார்த்தேன். அவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஐந்து பெண்களும் ஓடிவிட்டார்கள். கோகோமோவுக்கேதான். இரண்டு பேர் குறுக்கே நின்று வழி மறைக்க, ஹோலிஸ் கூடைக்குக் கீழாக வளைந்து மூலைக்கு வந்தாள். பந்து வந்தது. அவளுக்கு முன்னால் யாருமில்லை. எறிந்தாள். வலை அசைந்த சத்தம் மட்டும் கேட்டது.

"கியாரா, வின்சென்ஸ்மா," என்றார் கோச்.

"சாரி கோச்."

வின்சென்ஸும் கூடையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அந்த உயரமான பையன்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு, "உன் ஆளுடா!", "இல்லடா, உன் ஆளு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர்கள்தான் ஓடினார்கள். எங்கள் பெண்கள் சுவரோரம் நின்று, அடுத்தவரின் தண்டனையை வேடிக்கை பார்ப்பது எப்படி என்று தெரியாமல், கைகளை எங்கே வைப்பது என்று யோசித்தார்கள்.

கோச் சந்தோஷப்படவில்லை. "இவனுங்களுக்குத் தடுக்கவே தெரியலை," என்றார். "எம்பிக் குதிக்கத்தான் லாயக்கு. வெண்டல் எப்ப வருவான்?"

எனக்கும் அப்போது அதுவே சரியென்று பட்டது. ஆனால் ஏதோ ஒன்று, செருப்புக்குள் போன மணல் மாதிரி, உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தப் பையன்களுக்குத் தடுக்கத் தெரியாது, சரி. சனிக்கிழமைகளில் எங்களை எதிர்த்து ஆடும் பெண்களுக்கு மட்டும் வெண்டலைப் போலத் தடுக்கத் தெரியுமா?

*

வெண்டல் கூட்டம் முகம் வெளுத்துத் திரும்பி வந்தது. வின்சென்ஸ் செத்தது.

நான் இந்த முறை பந்தைப் பார்க்கவில்லை. பந்தையே பார்ப்பது எங்கள் தொழிலின் நோய். வெண்டலின் கால்களை மட்டும் பார்த்தேன். கியாரா கையைத் தூக்கி ஊர்ப் பெயரைச் சொன்னாள். வெண்டல் நடக்கத் தொடங்கினான். ஓடவில்லை, நடந்தான். பக்கத்து அறைக்குத் தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி. எங்கள் பெண்கள் இன்னும் அசையவே இல்லை.

பயிற்சி முடிந்ததும் அவனிடம் போனேன். சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான்.

"வெண்டல், வின்சென்ஸ்ல பந்து எங்க போகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம?" அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "வலது பக்கம் ஏமாத்திட்டு தண்டனை எறிதல் கோட்டோட இடது முனைக்கு. அது டெர்ரி ஹோட்டோட தம்பி மாதிரி. டெர்ரி ஹோட்ல ரெண்டாவதா வர்றவ இதுல மொதல்ல வருவா."

"எப்படிடா தெரியும்?"

"கோச் சொல்லித் தரும்போது நாங்கதான அங்க கம்பம் மாதிரி நிக்கறோம்? காது இருக்கே. ராத்திரி வீட்ல ஒருத்தருக்கொருத்தர் கேட்டுப்போம். தோத்தா ஓடணும்ல, கோச்? உங்க ஓட்டம் சாதாரண ஓட்டமா?" மற்ற பையன்கள் தலையாட்டினார்கள். "ஏன், தப்பா? நல்லாத் தடுக்கணும்னுதான சொன்னீங்க?"

தப்பில்லை என்றேன். அவன் தன் வேலையை எங்கள் யாரையும் விட நன்றாகச் செய்திருந்தான்.

கூடத்தின் மேல்மாடத்தில் ஒரு கேமரா பயிற்சிகளையும் பதிவு செய்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவை யாரும் பார்ப்பதில்லை. போட்டிகளின் காணொளியைப் பார்க்கவே நேரம் போதாது. மறுநாள் காலை நவம்பரிலிருந்து சில பயிற்சிகளை எடுத்து ஓட்டினேன். ஒவ்வொரு செட்டும் முதல் நாள் கூடையில் விழுந்தது. இரண்டாம் நாள் பாதி விழுந்தது. வார இறுதியில், பெயரைச் சொன்னதும், மேலிருந்து பார்க்க ஐந்து பையன்களும் ஒரே நேரத்தில் நகர்ந்தார்கள். அதன் பிறகு செட் இல்லை. கோச் அடுத்த ஊரைத் தேடிப் போயிருந்தார்.

கணினியோடு அவர் அறைக்குப் போனேன். பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"அதனால?"

"அதனால செட்டுகள்ல தப்பு இல்லை, கோச். அவனுங்களுக்குப் பெயர் தெரியும். சனிக்கிழமை வர்றவங்களுக்குத் தெரியாது."

"பத்தொம்பது வருஷமா பசங்களை வெச்சுத்தான் பழக்குறேன்."

"முன்னெல்லாம் பசங்க வருஷா வருஷம் மாறினாங்க இல்லையா? வெண்டல் கூட்டம் மூணு வருஷமா இருக்கு."

"ஆமா. நல்ல பசங்கன்னு நான்தான் வெச்சுக்கிட்டேன்." கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப நான் எறிஞ்சதெல்லாம் நல்லதா? கோகோமோ நல்லதா? லஃபயெட்? எது நல்லது மார்னி? எல்லாம் நல்லதுன்னா அது எப்படி? எல்லாம் நல்லதா இருக்க முடியாதே."

"எனக்குத் தெரியலை."

"எனக்கும் தெரியலை," என்றார். எழுந்தார். உட்கார்ந்தார். "இதை நான் நம்பலை."

ஆனாலும் அன்று மாலை பெண்களைச் சுற்றி நிறுத்தி, காதோடு ஏதோ சொன்னார். விசில் ஊதினார். கியாரா கையைத் தூக்கி, "வின்சென்ஸ்!" என்றாள். ஐந்து பையன்களும் தண்டனைக் கோட்டின் இடது முனைப் பக்கம் நகர்ந்தார்கள். எங்கள் பெண்கள் கோகோமோ ஓடினார்கள். ஹோலிஸ் மூலையில் தனியாக நின்றாள். சுற்றிலும் பத்தடிக்கு யாருமில்லை. அவளுக்கே கூச்சமாகிவிட்டது. எறிவதற்கு முன் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏய்! இது ஏமாத்து!" என்று வெண்டல் கத்தினான். "வின்சென்ஸ்னு சொல்லிட்டு இவ எங்க போறா?"

கோச் மெல்ல நடந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்தார். விசில் கயிறு கையில் சுற்றிக்கொண்டிருந்தது.

*

இனி மூன்று செட்டுகள்தான், நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று பெண்களிடம் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பெண்களும் கேட்டதில்லை போல. ஒருத்திக்கு முன்சி வேண்டும். இன்னொருத்திக்கு லஃபயெட். மூன்றாமவள் ஆசையாகச் சொன்ன செட்டை யாருக்குமே நினைவில்லை. அவள் எழுந்து ஓடிக் காட்டினாள். அது வேறு கல்லூரியின் செட் என்று தெரிந்தது.

"கோகோமோ," என்றாள் கியாரா.

"ஏன்?" என்றார் கோச்.

"ஏன்னா... சொல்லத் தெரியலை கோச். அதுதான் மொதல்ல கத்துக்கிட்டது. பயந்துட்டா எனக்கு வாயில வர்றது அதுதான்."

"அது ஒரு காரணமா?"

"வேற காரணம் வேணும்னா யோசிச்சு சொல்றேன்."

கோச் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். கோகோமோவும் லஃபயெட்டும் முன்சியும் நிலைத்தன. வெண்டல் கூட்டத்தைப் பெயர் தெரிந்துகொண்டே தடுக்கச் சொன்னோம். பெண்கள் தோற்றார்கள், ஓடினார்கள், மறுநாளும் அதே கோகோமோ. செட்டை மட்டும் மாற்றவில்லை.

அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தோம். அதற்கடுத்து தோற்றோம், ஆனால் எல்லோரும் ஒரே ஊருக்கு ஓடித் தோற்றோம். பின் ஒன்று ஜெயித்தோம். கடைசி ஆட்டம் எங்கள் கூடத்திலேயே, எட்டாவது இடத்தில் இருந்த அணியுடன். ஜெயித்தால் நாங்கள் எட்டாவது. தோற்றால் மார்ச்சில் பேச்சு. இது பெண்களுக்கும் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஆட்டத்துக்கு முன் ஹோலிஸ் கோச்சின் கோட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

கூட்டம் நிறைய வந்திருந்தது. லூட்கே எங்கள் பெஞ்சுக்கு எதிரே, நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

கியாரா முதல் தடவை கையைத் தூக்கி, "கோகோமோ!" என்றாள்.

எதிரணியின் பெஞ்சிலிருந்து அவர்களுடைய பயிற்சியாளர் எழுந்து, கைகளைக் குவித்துக் கத்தினார்: "கோகோமோ! மூலைக்கு! மூலைக்கு!"

உண்மையில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடைசி மூன்று ஆட்டங்களில் நாங்கள் இதையேதான் ஓட்டியிருந்தோம். காணொளி எல்லோரிடமும் இருக்கிறது. என்னைப் போல ஒருத்தி அந்த அணியிலும் உட்கார்ந்து வெட்டி ஒட்டியிருப்பாள். நான் கோச்சிடம் சொன்ன காரணம் அந்த ஒரு கத்தலில் உடைந்து விழுந்தது. இவர்களுக்கும் பெயர் தெரியும்.

ஹோலிஸைத் தடுத்தவள் முன்கூட்டியே மூலைக்கு ஓடினாள். ஹோலிஸ் ஓடவில்லை. பாதி வழியில் நின்று, குதிகாலில் திரும்பி, காலியாக விடப்பட்ட கூடைக்கடிக்கு வந்தாள். அதைப் பார்த்த பிறகு கியாரா பந்தை எறிந்தாள் என்றில்லை. ஹோலிஸ் திரும்பும்போதே பந்து அங்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டு கை. கூடை.

யாரும் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. நான் கோச்சைப் பார்த்தேன். "நீங்க சொன்னீங்களா?"

"இல்லை. நீ?"

"இல்லை."

அன்று முழுதும் அப்படியே நடந்தது. அவர்கள் பெயரைக் கத்தினார்கள். எங்கள் பெண்கள், அந்தக் கத்தலுக்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி, எதிர்ப்பக்கம் போனார்கள். நிச்சயமாகச் சுலபமாக இல்லை. தண்டனை எறிதலில் தடுமாறினோம். கியாரா நான்காவது பிழையோடு, ஐந்தாவது வந்தால் வெளியேற வேண்டும் என்பதால், பாதி ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். கோச் நேரம் கேட்டு நிறுத்தி, பலகையையும் பேனாவையும் எடுத்தார். ஐந்து முகங்களையும் பார்த்தார். பேனாவின் மூடியைத் திரும்பப் போட்டார்.

"என்ன ஓடணும்னு தோணுதோ ஓடுங்க."

"கோகோமோ," என்றார்கள் மூன்று பேர் ஒரே குரலில். மற்ற இருவரும் ஏற்கெனவே எழுந்து நடந்துகொண்டிருந்தார்கள்.

ஹோலிஸ் இந்த முறை மூலைக்கே போனாள். அவளைத் தடுத்தவள், திரும்பிவிடுவாள் என்று நம்பி, கூடைக்கடியிலேயே நின்றுவிட்டாள். பந்து ஹோலிஸிடம் வந்தது. எறிந்தாள்.

அந்த மூலையிலிருந்து விழுந்தால் மூன்று புள்ளி. ஒரு புள்ளி பின்னாலிருந்த நாங்கள் இரண்டு புள்ளி முன்னால் வந்து ஜெயித்தோம். பாப்கார்ன் மேசைக்காரர்கூட மேசையை விட்டுவிட்டு ஆடுகளத்துக்குள் வந்துவிட்டார். வெண்டல் கூட்டம் கியாராவைத் தூக்கப் பார்த்து, தூக்க முடியாமல், எல்லோருமாகக் கீழே விழுந்தார்கள்.

*

கூட்டம் கலைந்த பின் லூட்கே எங்களிடம் வந்தார். கோச்சின் கையைக் குலுக்கினார். அதை விடவே இல்லை.

"பிரமாதம் ரோண்டா. சரி, ஒரு விஷயம். திங்கக்கிழமை கல்லூரித் தலைவரைப் பார்க்கறேன். உங்க ஒப்பந்தத்தைப் பத்தி. என்ன மாறிச்சுன்னு கேப்பாரு. அவருக்கு ஒரே வரில சொல்லணும். என்ன செஞ்சீங்க?"

கோச் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

"செட்டுகளைக் குறைச்சோம்."

"அவ்வளவுதானா?"

"முதல்ல, எங்க செட்டெல்லாம் பசங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு, அதான் பிரச்சனைன்னு நினைச்சோம். ஆனா இன்னிக்கி எதிரிக்கும் தெரிஞ்சிருந்துது. அப்பவும் நடந்துது. அதனால அது இல்லை போல." அவர் என் பக்கம் திரும்பினார். "இல்ல, அதுவும்தானோ? மார்னி, நீ என்ன நினைக்கறே?"

"ரொம்ப நாள் ஒண்ணையே வெச்சிருந்ததாலன்னு நினைக்கறேன்," என்றேன். "ஆனா மூணு வாரம் ரொம்ப நாளான்னு எனக்குத் தெரியலை."

லூட்கே எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இதை நான் தலைவர்கிட்ட சொல்ல முடியாது."

"தெரியும்," என்றார் கோச்.

"தடுப்பாட்டம் முன்னேறிச்சுன்னு சொல்லிடறேன். முன்னேறிச்சா?"

"இல்லை," என்றேன் நான். எண்கள் என்னிடம் இருந்தன.

"பரவாயில்லை, அவருக்கு எப்படித் தெரியும்?" லூட்கே ஒருவழியாகக் கையை விட்டார். "ஒரு வருஷம் ரோண்டா. ஒரு வருஷம் வாங்கித் தர முடியும்னு நினைக்கறேன். அதுக்கு மேல நீங்களே ஒரு நல்ல காரணத்தோட வரணும்."

அவர் போனார். கோச் ட்ரெட்டர் ஆடுகளத்தின் நடுவே நின்று இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த மூலைக்கு நடந்து போனார். ஹோலிஸ் நின்ற இடத்தில் நின்று, கூடையைப் பார்த்தார். குதிகாலில் திரும்பிப் பார்த்தார். காலியான இருக்கைகள்தான் தெரிந்திருக்கும்.

"மார்னி," என்று அங்கிருந்தே கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு திரும்பினாளே, அது உனக்கு மேலேருந்து எடுத்த படத்துல தெரியுமா? எப்ப திரும்பணும்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சிது?"

"பார்க்கணும் கோச்."

"வா, பார்ப்போம்," என்றார்.